குளத்துத் தண்ணீர்: வாசகர் கேள்வி பதில்

சுற்றுலாப் பயணிகளுக்கு அறை கொடுக்கும் பழைய துரை பங்களாக்களும், வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்தவர்கள் கட்டிய புது வீடுகளும் மலையகத்தில் கூடிவிட்டன. கூடவே சின்னச் சின்ன நீச்சல் குளங்களும் வந்துவிட்டன. கண்டியிலும் நுவரெலியாவிலும் ஹோட்டல் குளங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நான், இப்போது வீட்டுக் குளங்களைப் பராமரிக்கிறேன். கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குளோரீனைப் பற்றியவை. ஆனால் நம் பக்கத்தில் குளம் கெடுவதற்குக் குளோரீன் முதல் காரணமாக இருப்பது குறைவு. அதனால் ஹட்டன் வாசகரின் கடிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் குளம் 50,000 லீற்றர். மலையிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரைப் பைப் போட்டு எடுத்து நிரப்புகிறோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சீமெந்து கரைகிறது. படிக்கட்டு சொரசொரப்பாகிப் பிள்ளைகளின் கால் உரசிக் காயமாகிறது. தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச் 6.8 காட்டியது. கடைக்காரர் சொன்னபடி சோடா போட்டோம், 8.2க்கு ஏறியது. சில நாளில் மறுபடி இறங்கிவிட்டது. காரத்தன்மை 20, கல்சியம் 20. தண்ணீரின் சூடு 18 பாகை செல்சியஸ். மேஸ்திரி கலவையில் சீமெந்தைக் குறைத்துவிட்டாரா?
(ஹட்டன் வாசகர்)

பதில்: மேஸ்திரியைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் எழுதிய இரண்டு 20களில்தான் விஷயம் இருக்கிறது. அந்த இரண்டையும் அளந்து எழுதியதற்கு நன்றி, பலர் அதைச் செய்வதில்லை.

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்து ஓடைகள் கரையாத கடும்பாறைமேல் ஓடி வருகின்றன. அந்தப் பாறையிலிருந்து தண்ணீருக்குக் கல்சியமும் கிடைப்பதில்லை, காரத்தன்மையும் கிடைப்பதில்லை. குடிக்கவும் துணி துவைக்கவும் அருமையான தண்ணீர். ஆனால் அதைச் சீமெந்துத் தொட்டியில் மாதக்கணக்கில் தேக்கி வைத்தால், தனக்கு இல்லாத கல்சியத்தைச் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும். பசியெடுத்த தண்ணீர் என்றே சொல்லலாம். டைல்ஸ் இடுக்கில் இருப்பதுதான் அதற்குக் கிடைக்கும் முதல் சாப்பாடு.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்கிலியர் 1936இல் வெளியிட்ட சுட்டெண் அதற்கு உதவும். தண்ணீர்க் குழாய்கள் அரிக்குமா, சுண்ணாம்பு படியுமா என்று பார்க்க வந்த கணக்கு, இன்று குளக்காரர்களுக்கும் உதவுகிறது. பி.எச், சூடு, கல்சியம், காரத்தன்மை ஆகிய நான்குக்கும் அட்டவணையில் ஓர் எண் உண்டு. அவற்றைக் கூட்டி 12.1ஐக் கழிக்க வேண்டும். விடை பூச்சியத்துக்குப் பக்கத்தில், அதாவது கழித்தல் 0.3க்கும் கூட்டல் 0.3க்கும் இடையில் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் தண்ணீர் அரிக்கும், மேலே போனால் சுண்ணாம்பு படியும். உங்கள் குளத்துக்கு 6.8, 0.5, 0.9, 1.3. கூட்டினால் 9.5. விடை கழித்தல் 2.6! சீமெந்து இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது. தண்ணீர் குளிர்ந்தால் சூட்டுக்குரிய எண்ணும் இறங்கும். கொழும்பில் இருக்கும் குளத்தைவிட நம் குளங்களுக்கு அரிப்பு கூடுதலாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பி.எச் ஏன் குதிக்கிறது என்பதற்கும் இதே பதில்தான். பி.எச்சை ஓர் இடத்தில் நிறுத்திப் பிடிப்பது காரத்தன்மை. அது 20இல் இருந்தால் பிடிமானமே இல்லை. கொஞ்சம் சோடா போட்டால் மேலே பாயும், ஒரு மழை பெய்தால் கீழே விழும். பி.எச்சைத் துரத்திக்கொண்டு சோடாவும் அமிலமும் மாறி மாறிக் கொட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கஷ்டப்படும். காசும் போகிறது, குளமும் திருந்துவதில்லை.

முதலில் காரத்தன்மையை 90க்குக் கொண்டு வாருங்கள். அதற்குச் சோடியம் பைகார்பனேட் வேண்டும், நம் வீட்டு அப்பச் சோடாதான். மூட்டையாக வாங்கினால் விலை குறையும். 50,000 லீற்றருக்கு 10 புள்ளி ஏற்ற ஏறக்குறைய 850 கிராம் தேவை (ஒரு புள்ளி என்றால் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம்). உங்களுக்கு 70 புள்ளி ஏற வேண்டும், ஆக 6 கிலோ. ஒரேயடியாகப் போடாமல் நாளுக்கு 2 கிலோவாக, பம்ப் ஓடும்போது தூவுங்கள். கடைக்காரர் கொடுத்த சோடா வேறு சரக்கு, சோடியம் கார்பனேட்டாக இருக்கும். அது பி.எச்சைத்தான் வேகமாகத் தூக்கும். இரண்டும் வெள்ளைத் தூள் என்பதால் மாறிப்போகிறது, மூட்டையில் பெயரைப் படித்து வாங்குங்கள்.

காரத்தன்மை நிலைத்த பிறகு கல்சியம். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிடும், ஒன்றிரண்டு நாள் இடைவெளி விடுங்கள். கல்சியம் குளோரைட் கிட்டத்தட்ட 15 கிலோ போட்டால் 20இலிருந்து 220க்கு வரும். நாளுக்கு 3, 4 கிலோவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கட்டில் கரைக்கும்போது அது நன்றாகச் சூடேறும். பக்கட்டில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் தூள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தோட்டத்து ஸ்டோரில் கிடக்கும் டொலமைட் கல் தூளைப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது தண்ணீரில் கரைய மாட்டாமல் கலங்கி, பில்டரில் போய் உட்காரும்.

பி.எச் 7.6இல் நின்றுவிட்டால் கணக்கு 7.6, 0.5, 1.9, 1.95 என்று வரும். விடை கழித்தல் 0.15. அதற்குப் பிறகு படிக்கட்டை மேஸ்திரியிடம் கொடுத்துப் பூசுங்கள். இப்போது பூசினால் அதுவும் கரையும்.

இன்னொன்று, மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் தென்மேல் மழை. மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். உங்கள் குளத்தின் பரப்பு 40 சதுர மீற்றர் என்று வைத்துக்கொண்டால், 100 மில்லிமீற்றர் மழை 4,000 லீற்றரை உள்ளே கொட்டுகிறது. நீங்கள் போட்ட மருந்தில் அந்த அளவு வழிந்து வெளியே போகிறது. ஆகவே மழை மாதங்களில் கிழமைக்கு ஒரு தடவை காரத்தன்மையை அளந்து, குறைந்ததைப் போட்டுவிடுங்கள். குளோரீனுக்கு உங்களுக்குப் பொருத்தமானது 65 வீதக் கல்சியம் ஹைப்போகுளோரைட் தூள். கிருமியைக் கொல்வதோடு கொஞ்சம் கல்சியமும் சேர்க்கும். குளோரீன் மாத்திரை வேண்டாம், அது அமிலத்தன்மை கொண்டது. உங்கள் தண்ணீரால் அதைத் தாங்க முடியாது.

கேள்வி: திகனயில் எங்கள் வீட்டுக் குளத்துக்குக் குழாய்க் கிணற்றுத் தண்ணீர். தண்ணீர் மட்டத்தில் டைல்ஸைச் சுற்றி வெள்ளைப் படை. குளோரீன் தூள் போடும் நாளெல்லாம் தண்ணீர் மங்கலாகிறது. தூள் கலப்படமா?
(திகன வாசகி)

பதில்: தூள் சரியாகத்தான் இருக்கும். ஹட்டனிலிருந்து உங்கள் வீட்டுக்குச் சில மணித்தியாலப் பயணம்தான், ஆனால் தண்ணீர் நேர் எதிர். திகன, மாத்தளைப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணப் பளிங்குக் கல் ஓடுகிறது. டொலமைட் வெட்டி எடுப்பதே உங்கள் பக்கத்தில்தானே. அந்தக் கல்லுக்குள் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீரில் கல்சியமும் காரத்தன்மையும் நிறைய. அதில் கல்சியம் சேர்ந்த குளோரீன் தூளைப் போட்டால் மிச்சம் படையாகப் படியத்தான் செய்யும்.

திரவக் குளோரீனுக்கு மாறுங்கள். பி.எச்சை 7.2க்கும் 7.4க்கும் இடையில் வைத்திருங்கள். அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் காரத்தன்மையை 80க்கு இறக்குங்கள். அமிலத்தைத்தான் தண்ணீருக்குள் ஊற்ற வேண்டும், அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது. கூரையில் விழும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துக் குளத்துக்கு விட முடிந்தால் மிகவும் நல்லது. அதில் கல்சியமே இல்லை.

கேள்வி: பண்டாரவளையில் விடுதி நடத்துகிறேன். மிதக்கும் டப்பாவில் குளோரீன் மாத்திரை போட்டு வருகிறோம், வருடக்கணக்காக அதே முறை. இந்த ஐப்பசி மழையோடு குளம் பச்சையாகிவிட்டது. சோதித்தால் குளோரீன் 3 இருக்கிறது. 3 இருந்தும் பாசி எப்படி வரும்?
(பண்டாரவளை வாசகர்)

பதில்: இது நல்ல கேள்வி. உங்கள் சோதனைப் பெட்டி பொய் சொல்லவில்லை, குளோரீன் இருக்கிறது. ஆனால் அதன் கை கட்டப்பட்டிருக்கிறது.

நீங்கள் போடும் மாத்திரையில் குளோரீனோடு சயனூரிக் அமிலமும் உண்டு. வெயில் குளோரீனைத் தின்றுவிடாமல் காப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் நல்ல வெயிலில் ஓரிரு மணித்தியாலத்தில் குளோரீனின் பெரும்பகுதி போய்விடும். ஆகவே 30 முதல் 50 வரை இருப்பது தேவை. ஆனால் குளோரீன் செலவாகித் தீர்கிறது, சயனூரிக் அமிலம் தீர்வதில்லை. மாத்திரையால் குளோரீன் 10 புள்ளி ஏறினால் இது 6 புள்ளி ஏறும். வருடக்கணக்கில் சேர்ந்தால் 100ஐத் தாண்டும். பாசி வராமலிருக்க, குளோரீன் சயனூரிக் அமிலத்தில் 7.5 வீதமாவது இருக்க வேண்டும். உங்கள் குளத்தில் அது 120 என்று வைத்தால் குளோரீன் 9 வேண்டும். 3 எந்த மூலைக்கு?

அதைக் குறைக்கக் கடையில் மருந்து தேடாதீர்கள். தண்ணீரை மாற்றுவதுதான் வழி. பாதியை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினால் பாதியாகும். ஆனால் முழுக்க இறைத்துவிட வேண்டாம், அதுவும் மழைக்காலத்தில். மலைச் சரிவில் ஊற்றுத் தண்ணீர் குளத்துக்கு அடியில் நின்று அழுத்தும். உள்ளே எடை இல்லாவிட்டால் தொட்டி மேலே தூக்கி வெடிக்கும்.

நிரப்பிய பிறகு பி.எச்சைச் சரிசெய்யுங்கள். பி.எச் 7.5இல் குளோரீனில் பாதிதான் வீரியமான வடிவத்தில் இருக்கும், 8க்குப் போனால் கால்வாசியும் இராது. அப்புறம் மாலை நேரத்தில், ஒவ்வொரு 10,000 லீற்றருக்கும் 65 வீதத் தூள் 300 கிராம் கரைத்து விடுங்கள். அது 20 புள்ளி ஏற்றும். சுவரைத் தேய்த்து, பம்பை இரவு பகலாக ஓடவிடுங்கள். குளோரீன் குறையக் குறைய மறுபடி ஏற்றி, பச்சை போய் அடி தெளிவாகத் தெரியும்வரை அதே அளவில் பிடித்து வையுங்கள். ஒரு நாள் போட்டுவிட்டு நிறுத்துவதால்தான் பலருக்குப் பாசி திரும்பி வருகிறது. பில்டரின் அழுத்தம் வழக்கத்தைவிட 8, 10 பிஎஸ்ஐ கூடினால் பின்கழுவல் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டுப் பில்டரைக் கழுவுங்கள். குளோரீன் 5க்குக் கீழே இறங்கும்வரை யாரையும் குளிக்க விட வேண்டாம்.

உங்கள் குளத்துக்கு மேலே தேயிலை மலை இருந்தால் இதையும் கவனியுங்கள். உரம் போட்டபின் பெய்யும் மழையில் யூரியாவும் அமோனியாவும் ஓடைக்கு வரும். அந்தத் தண்ணீரைக் குளத்துக்கு ஏற்றினால் குளோரீன் முழுவதும் அமோனியாவோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். எப்போது உரம் போடுகிறார்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சில நாள் ஓடைத் தண்ணீரை எடுக்க வேண்டாம்.

கேள்வி: நுவரெலியாவில் கண்ணாடிக் கூரை போட்ட சூடாக்கிய குளம். உள்ளே நுழைந்தாலே குளோரீன் மணம் தூக்குகிறது, பிள்ளைகளுக்குக் கண் சிவக்கிறது. குளோரீனைக் குறைக்கலாமா, அண்ணா?
(நுவரெலியா வாசகி)

பதில்: குறைக்காதீர்கள் தங்கச்சி, கூட்டத்தான் வேண்டும். நீங்கள் நினைக்கும் அந்த மணம் நல்ல குளோரீனுடையது அல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து பழுதாகிப்போன குளோரீனின் மணம் அது. கண்ணை எரிப்பதும் அதுதான். மொத்தக் குளோரீனிலிருந்து கட்டற்ற குளோரீனை, அதாவது இன்னும் எதோடும் சேராத குளோரீனைக் கழித்தால் அதன் அளவு தெரியும். மொத்தம் 2.5, கட்டற்றது 1 என்றால் மிச்சம் 1.5. அதை முறிக்கப் பத்து மடங்கு, அதாவது 15 புள்ளி ஒரே தடவையில் போட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் மணம் கூடும். திறந்த குளத்தில் வெயிலும் காற்றும் இந்த வேலையில் பாதியைச் செய்துவிடும். உங்களுக்குக் கூரை இருப்பதால், போடும் இரவில் ஜன்னல்களை எல்லாம் திறந்து வையுங்கள், குளிராக இருந்தாலும். அப்புறம் பிள்ளைகள் குளத்தில் இறங்கும் முன் சவர்க்காரம் போட்டு ஒரு குளிப்பு. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அளக்கும்போது ஒரு விஷயம். 15 புள்ளி போட்ட மறுகணம் சோதித்தால் இளஞ்சிவப்பு வெளுத்துக் குளோரீனே இல்லை என்பது போலக் காட்டும், பி.எச் ஊதாவாகி 8ஐத் தாண்டியது போலக் காட்டும். இரண்டையும் நம்பி எதையும் ஊற்ற வேண்டாம். நுவரெலியாப் பனியில் சோதனைத் தாள்களும் சீக்கிரம் பழுதாகும். மூடியை இறுக்கி வீட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: ஹப்புத்தளையில் புதுக்குளம். ஊற்றுத் தண்ணீர் நிரப்பும்போது தெளிவாக இருந்தது. குளோரீன் போட்டதும் தேத்தண்ணி நிறமாகிவிட்டது.
(ஹப்புத்தளை வாசகர்)

பதில்: இரும்பு. குளோரீன் பட்டதும் துருவாக மாறி நிறம் காட்டுகிறது. சுவரில் கறை பிடித்திருந்தால், விற்றமின் சி மாத்திரை ஒன்றைக் கறைமேல் அழுத்தித் தேயுங்கள். கறை வெளுத்தால் இரும்பேதான். பம்பை நிறுத்தாமல் ஓட்டிப் பில்டரில் துருவைப் பிடித்து அடிக்கடி பின்கழுவுங்கள். இனி ஊற்றுத் தண்ணீரைத் தனித் தொட்டியில் குளோரீன் போட்டுப் படியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் குளத்துக்கு எடுங்கள்.

கேள்வி: ஐயா, எங்களிடம் குளம் இல்லை. மஸ்கெலியாப் பக்கம் லயத்தில் இருக்கிறோம். மேலே உள்ள விருந்தினர் பங்களாவில் குளத்தைக் கழுவி விடும் நாளில் எங்கள் பீலிக்கு வரும் ஓடை வெள்ளையாக நுரைத்து வருகிறது, மருந்து மணக்கிறது. ஓடையில் மீன் செத்து மிதந்தது. அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடிக்கிறோம். ஆபத்தா?
(தோட்டத்து வாசகி)

பதில்: தங்கச்சி, இந்தக் கடிதத்தை அனுப்பியதற்காக உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். குளம் வைத்திருக்கும் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும்.

அந்த நாளில் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். நகரத்துக் குழாய்த் தண்ணீரிலும் குளோரீன் உண்டு, லீற்றருக்கு 5 மில்லிகிராம் வரை குடிதண்ணீரில் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனால் கழுவி விடும் தண்ணீரில் குளோரீன் மட்டும் இல்லை. பில்டர் அழுக்கு, அமிலம், பாசி மருந்தென்றால் செம்பு எல்லாம் இருக்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும், செம்பு போகாது. மீன் செத்ததற்கு, லீற்றருக்கு ஒரு மில்லிகிராமில் சின்னப் பங்கு குளோரீனே போதும். என்றைக்குத் திறக்கிறார்கள் என்று முதல் நாளே சொல்லும்படி பங்களாக் காவல்காரரிடம் கேளுங்கள். அவர்கள் செவிசாய்க்காவிட்டால் திகதி, நேரத்தைக் குறித்து, படம் எடுத்து, நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுங்கள். தோட்டத்து அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். தண்ணீர் உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

இனி குளக்காரர்களுக்கு. மலையில் உங்கள் குளத்துக்குக் கீழே எப்போதும் ஒருவரின் பீலி இருக்கிறது. தண்ணீரை மாற்றப் போகிறீர்கள் என்றால் சில நாள் முன்பே குளோரீனை நிறுத்துங்கள். வெயில் அதை அழித்துவிடும். சோதனையில் பூச்சியம் காட்டிய பிறகும், பி.எச் 7க்கும் 8க்கும் இடையில் வந்த பிறகும் மட்டும் திறவுங்கள். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் குளோரீனை முறிக்கும். அப்போதும் ஓடைக்கு விடாதீர்கள். ஓடையிலிருந்து தள்ளி, சமநிலமான புல்தரையில் மெல்ல மெல்ல ஊறவிடுங்கள். 25,000 லீற்றரை ஒரே இரவில் சரிவில் திறந்துவிட்டால் ஈரம் ஏறிய மண் இளகும். மண்சரிவு அறிந்த ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. பின்கழுவல் தண்ணீருக்குத் தனியாக ஓர் ஊறல் குழி வெட்டுங்கள். குளத்துக்குச் செலவழித்ததில் அது சிறு பங்குதான்.

கேள்வி: குளோரீன், அமிலம், மாத்திரை எல்லாம் ஒரே ஸ்டோர் அறையில் வைக்கலாமா?
(கம்பளை வாசகர்)

பதில்: கூடாது. குளோரீனும் அமிலமும் கலந்தால் நச்சு வாயு. மாத்திரையும் குளோரீன் தூளும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒன்றை அள்ளிய கரண்டியை மற்றதில் போடுவதுகூட ஆபத்து. அமிலத்தை வேறு கட்டடத்தில், தரையோடு வையுங்கள். தூளைக் காய்ந்த, காற்றோட்டமான இடத்தில் பலகைமேல் வையுங்கள். பெட்ரோலும் உர மூட்டையும் அந்த அறைக்குள் வரவே கூடாது. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள், எது எதோடு சேரக் கூடாது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.